பிடிக்காத பிரேக்

முனைக்காடு
1993 ஜூன் 6

மஜீட் காக்காவுக்கு,

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நான் கோணாமலையின் தங்கச்சி வசந்தாதேவி. என்னை மறந்திருந்தாலும் அண்ணன் உங்களிடம் வாங்கிய அந்த உயரமான சிவப்பு ரேஸ் மோட்டார் சைக்கிளை மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் சுவிஸுக்குப் போய்விட்டார். சைக்கிள் என் தலையில் விழுந்தது.

நான் இப்போது இந்தப் பக்கத்துக்கு மருத்துவமாது. பிள்ளைப்பேறு பார்க்கிறவள். வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், ரோட்டு எங்கே இருக்கிறது? வயல்வட்டை வரம்பிலும் மணலிலும் ஓட இந்தச் சைக்கிளை விட்டால் வேறொன்றும் உதவாது. அண்ணனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். முதலில் சிரித்த ஊர் இப்போது நான் வரும் சத்தம் கேட்டால் படலையைத் திறந்து வைக்கிறது.

பிரச்சினை பிரேக். முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறேன், மிதிக்கிறேன், அது தன்பாட்டில் போகிறது. காலை ஊன்றித்தான் நிறுத்துகிறேன். சந்தைக்குப் போகிற சைக்கிள் என்றால் பரவாயில்லை. நான் போகிற வழியில் குளக்கட்டு ஒன்று இருக்கிறது. குளக்கட்டில் இருந்து இறங்கும் சரிவின் அடியில் ஆமியின் சென்றி, காவல் அரண். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தார்ப் பீப்பா. அதற்கு இப்பால் நின்றுவிட வேண்டும். நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

90இல் இரண்டு பக்கமும் விழுந்த கொலைகளுக்குப் பிறகு உங்கள் முஸ்லிம் ஆட்கள் இந்தக் கரைக்கு வருவதில்லை, எங்கள் ஆட்கள் காத்தான்குடிக்குள் போவதில்லை. யாரைக் குறை சொல்ல? அதனால்தான் வாவித் துறையில் இரண்டு கரையாருக்கும் தயிர் விற்கும் கண்ணகையக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். சைக்கிளைக் கண்ணால் காணாமல் வைத்தியம் சொல்ல முடியுமா?

வசந்தாதேவி


காத்தான்குடி
ஜூன் 11

தங்கச்சி வசந்தாதேவிக்கு,

உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்கு மேல் இறைவனிடம் கேட்பது பேராசை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தச் சைக்கிளை மறப்பதா? மலைநாட்டில் மண்பாதைப் போட்டி ஓடிய இரண்டு சைக்கிள்களை எண்பத்திரண்டில் நானும் என் தம்பி ஜௌபரும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒன்று உங்கள் அண்ணனுக்குப் போனது. மற்றது எங்கள் வீட்டில் நிற்கிறது. இரண்டும் கூடப்பிறந்தவை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அது பாய்வதற்கென்று செய்த சைக்கிள். நிற்பதில் அதற்கு விருப்பம் குறைவு. சில்லின் நடுவில், அச்சைச் சுற்றி, ஒரு இரும்புச் சட்டி இருக்கிறது. சட்டிக்குள் அரைநிலா போல இரண்டு கட்டைகள். அவற்றைத்தான் பிரேக் சூ என்கிறோம். நீங்கள் கைப்பிடியை இழுக்க, சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன இரும்புக் கையைக் கேபிள் இழுக்கும். அந்தக் கை சூவை விரித்துச் சட்டியோடு உரச வைக்கும். அவ்வளவுதான் பிரேக். இதில் ஒளித்துப் பிடித்து விளையாட ஒன்றும் இல்லை.

யாரையாவது கைப்பிடியை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்தச் சின்னக் கையைப் பாருங்கள். கேபிளும் கையும் சுவர் மூலை போலச் சதுரமாக நிற்க வேண்டும். கை அதையும் தாண்டிச் சரிந்தால் எவ்வளவு இழுத்தாலும் பலன் இல்லை. கையை அதன் பல்லச்சில் இருந்து கழற்றி ஒரு பல் பின்னால் தள்ளிப் பூட்டுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்: குறை எப்போது தொடங்கியது, சூடானால் கூடுமா, வாய்க்காலில் இறங்கி ஏறினால் கூடுமா, சத்தம் வருமா. கண்ணால் கண்டதை எழுதுங்கள். ஊகங்கள் என் பங்குக்கு இருக்கட்டும்.

மஜீட்


முனைக்காடு
ஜூன் 20

மஜீட் காக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். எப்போது தொடங்கியது, எப்போது கூடும் என்று நான் தாய்மாரிடம் கேட்கிற கேள்வியை எல்லாம் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள்.

சின்னக் கை நீங்கள் சொன்னது போலவே சரிந்துதான் கிடந்தது. தள்ளிப் பூட்டினேன். அன்றைக்கும் அடுத்த நாளும் உங்களை வாழ்த்திக்கொண்டு ஓடினேன். பிறகு பழைய குணம். சூட்டுக்கும் குளிருக்கும் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தண்ணீர் போயிருக்குமா என்று கேட்டீர்கள். இங்கே மழை கண்டு எவ்வளவு காலம்! வாய்க்காலில் தவளைகூட இல்லை. முன்பு கீச்சென்று ஒரு சத்தம் வரும். இப்போது அதுவும் இல்லை, நல்ல பிள்ளையாக வழுக்கிக்கொண்டு போகிறது.

அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஆச்சிப்பிள்ளை என்று ஒருத்தி இருக்கிறாள். ஆகஸ்டில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. போன பிள்ளைப்பேற்றில் இரத்தம் நிற்காமல் அவளைக் கொண்டுபோகப் பார்த்தது. இந்த முறை வலி தொடங்கியதும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன். சைக்கிளில் போனால் அந்தப் பீப்பா இருக்கிறது.

வசந்தாதேவி


காத்தான்குடி
ஜூன் 27

தங்கச்சி,

சின்னக் கை இல்லை, தண்ணீர் இல்லை என்றால் சூ தேய்ந்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை. அந்தச் சைக்கிளுக்கு இப்போது சூ கொழும்பிலும் கிடையாது. விசாரித்தேன், சிரித்தார்கள்.

இத்துடன் முன் சில்லுக்கு ஒரு சோடி அனுப்புகிறேன். நிறுத்துகிற வேலையில் பெரிய பங்கு முன் சில்லுக்குத்தான். இவை புதியவை அல்ல. எங்கே எடுத்தேன் என்று கேட்க வேண்டாம். நல்லவை. நல்லவை என்றுதான் நம்புகிறேன். கறுப்பாக ஒட்டியிருக்கும் பக்கத்தில் கை படக்கூடாது, வியர்வைகூட ஆகாது. பூட்டிய பிறகு முதலில் வெட்டைவெளியில் ஓடிப் பாருங்கள். சரிவில் இறங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

எப்படிப் பிடிக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். கண்ணகையிடம் வாயால் சொல்லிவிட வேண்டாம், எழுதுங்கள்.

மஜீட்


முனைக்காடு
ஜூலை 5

அன்புள்ள மஜீட் காக்கா,

பிடிக்கிறது! என்ன பிடி! வெட்டையில் முதல் தரம் இழுத்தபோது நான் கைப்பிடிக்கு மேலால் போய் விழப் பார்த்தேன்.

கண்ணகையக்கா சூவைத் தயிர்ச்சட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்தா. தரும்போது முகம் கோணிப் போயிருந்தது. "சூ எண்டு சொன்னாரு மிஸ்ஸி. உங்களுக்கு நல்ல சப்பாத்து ஒண்டாக்கும் எண்டு நினைச்சித்தான் ஆமிக்காரனுக்குப் பயந்து பயந்து கொண்டுவந்தன். இது என்னகா, தேங்காய்ச் சொட்டு மாதிரி?" என்று கேட்டா. பூட்டி ஓடிக் காட்டிய பிறகுதான் மன்னித்தா.

நேற்றுப் பீப்பாவுக்கு முன்னால் கால் ஊன்றாமல் நின்றேன். சத்தம் மட்டும் திரும்ப வந்துவிட்டது. ஊரே திரும்பிப் பார்க்கிற கீச்சு. அது இருந்துவிட்டுப் போகட்டும். காசு அனுப்பினால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று அக்கா சொன்னா, அதனால் எருமைத் தயிர் அனுப்புகிறேன். நீங்கள் அந்தக் கரையில் இருந்து எனக்குச் செய்ததை இந்தக் கரையில் இருந்து ஒருவரும் செய்யவில்லை. நன்றி காக்கா.

வசந்தாதேவி


முனைக்காடு
ஜூலை 19

மஜீட் அவர்களுக்கு,

நேற்று நான் நிற்கவில்லை.

ஒரு கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி குறைந்துகொண்டே வந்தது. நேற்றுச் சரிவில் இழுத்தேன், ஒன்றும் இல்லை. பீப்பாவில் உரசி அதைத் தாண்டிப் போய்ச் சைக்கிளைச் சரித்துப்போட்டு விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் துவக்கின் வாய் என் முகத்துக்கு நேரே. பக்கத்தில் நின்ற கோப்ரல் என்னைத் தெரிந்தவன் என்பதால் அதைத் தட்டிவிட்டான். "மிஸ்ஸி, இனி நிக்கல்ல, சுடுறது" என்று அரைத் தமிழில் சொன்னான். அவன் நல்லவன். நாளைக்கு அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான்.

காத்தான்குடியான் கழித்ததைத் தள்ளிவிட்டிருக்கிறான், அவனுக்கு எங்களில் என்ன அக்கறை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அவர்களை ஏசினேன். ஏசிவிட்டு வந்து முழங்காலுக்கு மருந்து கட்டிக்கொண்டு இருக்கும்போது எனக்கும் அதே நினைப்பு வந்தது. எங்கே எடுத்தேன் என்று கேட்க வேண்டாம் என்று எழுதினீர்கள். இப்போது கேட்கிறேன். நீங்கள் அனுப்பியது பிடிக்காத சூ. தெரிந்துதான் அனுப்பினீர்களா?

வசந்தாதேவி


காத்தான்குடி
ஜூலை 22

தங்கச்சி,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஊரார் சொன்னது எனக்குப் பெரிதில்லை. எங்கள் ஊராரும் உங்கள் ஆட்களைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள். 'பிடிக்காத சூ' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

தயவுசெய்து சில்லைக் கழற்றுங்கள். அந்தச் சூவை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா? கையால் தடவுங்கள், மணந்து பாருங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். என் மனம் நோகும் என்று எதையும் மறைக்க வேண்டாம். பிழை சூவில்தான் என்றால் அதையும் எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.

அதுவரைக்கும் அந்தச் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடவுங்கள். இன்றைக்கு நான் கராஜ் திறக்கவில்லை.

மஜீட்


முனைக்காடு
ஜூலை 26

அன்புள்ள மஜீட் காக்கா,

முதலில் என்னை மன்னியுங்கள். பிறகு சிரியுங்கள். இந்த ஒழுங்கில்தான் செய்ய வேண்டும்.

சில்லைக் கழற்றினேன். சூ தேயவில்லை, வெடிக்கவில்லை, ஒட்டு விடவில்லை. ஆனால் கறுப்புப் பக்கம் ஈரமாய் மினுங்கியது. தடவினேன், விரல் வழுக்கியது. நீங்கள் சொன்னபடி மணந்து பார்த்தேன். இலுப்பெண்ணெய்! கோயில் விளக்கில் மணக்கிற அதே எண்ணெய். மற்றச் சூவில் தேங்காயெண்ணெயும் கலந்து மணத்தது. எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. நான் பிரேக்கில் ஒரு சொட்டு எண்ணெயும் விடவில்லை.

துடைத்துப் பூட்டி, நேற்றுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாமித்தம்பியண்ணன் வீட்டுக்குப் பச்சைப்பிள்ளை பார்க்கப் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கும்போது யன்னலால் பார்க்கிறேன், அண்ணன் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். ஒரு கையில் எண்ணெய் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டை, மற்றக் கையில் கோழி இறகு. இறகை எண்ணெயில் தோய்த்து, அந்தச் சின்னக் கை உள்ளே போகிற ஓட்டையில் பக்குவமாய் விடுகிறார்!

"என்ன அண்ணன் செய்யிறீங்க?" என்று கத்தினேன்.

"ஒண்டுமில்ல மிஸ்ஸி. உங்கட சில்லு அழுகுது. அதான் ஒரு சொட்டு வைக்கிறன்."

"எத்தின நாளா இந்த வேலை?"

"நான் இண்டைக்குத்தான். போன கிழமை வினாயகமூர்த்தி வீட்டுல வைச்ச. அதுக்கு முதல் துறையடியில. மிஸ்ஸி எந்த வீட்டுக்குப் போறாவோ அந்த வீட்டுக்காரர் வைக்கிற எண்டு நாங்க பேசி வைச்சிரிக்கம்."

"ஆர் உங்களுக்கு வைக்கச் சொன்ன?"

"ஆரு சொல்லணும்? வண்டில் அழுதா அச்சுக்கு எண்ணெய் வைக்கிறதானே. அதுவும் புள்ள பொறக்கிற வீட்டுக்கு அழுதுக்கிட்டு வரப்படாது. நீங்க காசும் வாங்க மாட்டீங்க, கோழியும் வாங்க மாட்டீங்க. மறுகா நாங்க என்னத்தத்தான் செய்யிற?"

காக்கா, நான் அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். இத்தனை மாதமாக நான் போன ஒவ்வொரு வீடும் நான் உள்ளே தாய்மாரைப் பார்க்கிற நேரத்தில், கோழி இறகால் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறது. நீங்கள் நல்ல சூ அனுப்பினீர்கள், அது கீச்சிட்டது. கீச்சிட்டதால் இன்னும் அதிகமாய் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். இவர்களின் அன்பு என்னைத் துவக்கின் வாய்க்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. கோபிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்தேன், பிறகு கண்ணீர் வந்தது.

உங்களைப் பற்றி அப்படி எழுதியதற்கு எனக்கு வெட்கமாய் இருக்கிறது. இந்தச் சூவை இனிக் காப்பாற்ற முடியுமா? ஆச்சிப்பிள்ளைக்கு வயிறு இறங்கிவிட்டது.

வசந்தாதேவி


காத்தான்குடி
ஜூலை 30

தங்கச்சி,

மன்னிப்பை வாசித்தேன், பிறகு சிரித்தேன். நீங்கள் சொன்ன ஒழுங்கில்தான். சிரித்த சத்தம் கேட்டு என் மகள் றமீஸா அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள், வாப்பாவுக்கு என்னமோ ஏதோ என்று.

நானும் என் பெரிய மூளையைக் கொண்டு சின்னக் கை, தண்ணீர், தேய்வு என்று எல்லாம் கேட்டேன். யாராவது எண்ணெய் விட்டார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வண்டில் கட்டுகிறவர்கள் குறைவு, அந்தப் புத்தி எனக்கு எப்படி வரும்? சத்தம் நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதியபோதே நான் பிடித்திருக்க வேண்டும்.

காப்பாற்றலாம். மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம், அதுவும் எண்ணெய்தான். சிரட்டைத் தணலுக்கு மேலே கம்பியில் தூக்கிப் பிடியுங்கள். எண்ணெய் கசிந்து புகையும். நெருப்புப் பிடிக்க விடாமல், புகை நிற்கும்வரை பிடித்து ஆறவிட்டு, சிமெந்துத் தரையில் மெதுவாய்த் தேய்த்து மேல்தோலை எடுங்கள். திரும்பவும் தணல், திரும்பவும் தரை. சட்டியின் உட்பக்கத்தைச் சாம்பல் போட்டு விளக்குங்கள், சோற்றுப்பானை விளக்குவது போல. பின் சில்லுக்கும் இதே வைத்தியம்தான்.

அந்த மனிதர்களின் மனதை நோகடிக்க வேண்டாம். சங்கிலி ஒன்று இருக்கிறதல்லவா, அதைக் காட்டிவிடுங்கள். ஊர் முழுக்க எண்ணெய் வைத்தாலும் சங்கிலி கோபிக்காது.

பிறகு வெட்டையில் ஓடிப் பார்த்துவிட்டு, சரிவிலும் இறங்கிவிட்டு, பிடித்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள் தங்கச்சி. நான் காத்திருக்கிறேன்.

மஜீட்


முனைக்காடு
ஆகஸ்ட் 8

அன்புள்ள மஜீட் காக்கா,

பிடித்தது.

நீங்கள் சொன்னபடியே சுட்டேன், தேய்த்தேன், விளக்கினேன். வெட்டையில் நன்றாய் நின்றது. சரிவில் ஆறுதலாய் ஒருநாள் பார்ப்போம் என்று இருந்தேன், ஆச்சிப்பிள்ளை விடவில்லை. முந்தாநாள் விடியற்காலையில் அவளின் தாய் ஓடி வந்தா, வலி தொடங்கிவிட்டது என்று. அவவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கட்டுக்கு மேலே வந்ததும் கீழே பார்த்தேன். சென்றியில் அந்தக் கோப்ரல் இல்லை, முன்பின் தெரியாத முகம். இரண்டு பேர் பாரம். தாய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்நிதியில் நிற்கிற கடவுளை எல்லாம் ஒவ்வொன்றாய்க் கூப்பிடுகிறா. சரிவில் இறங்கி, பாதியில் இழுத்தேன். கீச்சென்று ஒரு சத்தம், காது கிழிகிற சத்தம். சிப்பாய் துள்ளித் திரும்பினான். நான் பீப்பாவுக்கு இந்தப் பக்கம், கால் ஊன்றாமல், அசையாமல் நின்றுகொண்டு இருந்தேன்.

ஆச்சிப்பிள்ளைக்குப் பெண்பிள்ளை. இரத்தம் இந்த முறையும் போகப் பார்த்தது, ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன், ஊசியும் கையில் இருந்தது. நின்றுவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். கொஞ்சம் பிந்தியிருந்தால் நான் வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

நான் போகிற வீடுகளில் சங்கிலி இப்போது எண்ணெயில் குளிக்கிறது. காற்சட்டை எல்லாம் கறை. பரவாயில்லை.

இந்த இரண்டு உயிரும், என் உயிரும், உங்கள் கையால் கிடைத்தவை. நான் உங்களைச் சந்தேகித்த பிறகும் நீங்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தங்கச்சி
வசந்தாதேவி


காத்தான்குடி
ஆகஸ்ட் 13, வெள்ளி

அன்புள்ள தங்கச்சி,

ஜும்மா தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் வைத்துக்கொள்ள முடியாது. சூவை எங்கே எடுத்தேன் என்று கேட்டீர்களே, இப்போது சொல்கிறேன்.

அவை என் தம்பி ஜௌபரின் சைக்கிளில் இருந்தவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு சென்றியில் நிற்கவில்லை என்று சொன்னார்கள். எவருடைய சென்றி என்று எழுத மாட்டேன், எழுதினால் இந்தக் கடிதம் துறையைத் தாண்டாது. சுட்டுவிட்டார்கள். முதலில் மையித்தைத் தந்தார்கள், பிறகு சைக்கிளைத் தந்தார்கள். அவனைச் சுட்டதற்கு முதல்நாள் அந்த முன் பிரேக்கைக் கழற்றிச் சரிபார்த்துப் பூட்டிக் கொடுத்தவன் நான்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உம்மாவும் கேட்கவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் நான் பிரேக் பூட்டிக்கொண்டு இருக்கும்போது, தம்பிக்குப் பூட்டியது பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சில்லைத் திறந்து பார்க்கவும் துணிவு இல்லை. ஆச்சிப்பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகுதான் திறந்தேன். பார்வைக்கு நன்றாய் இருந்தன. பார்வையை மட்டும் நம்பி உங்களுக்கு அனுப்பினேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது, பிடிக்காத சூ என்று. அன்றைக்குக் கராஜ் பூட்டிக் கிடந்தது அதனால்தான். என் தம்பியை நான்தான் கொன்றேன் என்று எண்ணிக்கொண்டு இருந்தேன்.

இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதே சூ, நெருப்பில் சுட்ட பிறகும், அந்தச் சரிவில், இரண்டு பேர் பாரத்தோடு நிறுத்தியது என்று. ஜௌபருக்கு அன்று என்ன நடந்தது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். என் கை அவனைக் கைவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். நான் சாகும்வரை உங்களுக்கு நன்றி உள்ளவன்.

உங்கள் கடிதத்தை என் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் நின்ற இடத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். என்னுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டா:

"அப்ப என்ட புள்ளைக்கு நீ நல்ல பிரேக்தான் பூட்டிக் குடுத்திரிக்காய், என்ன மனே?"

"ஓம் உம்மா," என்றேன்.

உங்கள் காக்கா
மஜீட்